கண்டியில் இராத் தங்கியோர்

பழம்பெரும் நகரொன்றுக்குச் செல்வோர் அந்நகரின் பழமையோடு இயைந்த விடுதியில் தங்க விரும்புவது இயல்பே. மதிலுக்குள்ளே, நூறாண்டு கண்ட கட்டடத்தில், உயர்ந்த கூரையும் மரப்படிக்கட்டும் அகன்ற விறாந்தையும் கொண்ட இடத்தில் ஓரிரவு கழித்தால் வரலாற்றினுள்ளேயே புகுந்து திரும்பியது போன்ற மனநிறைவு உண்டாகிறது. நம் நாட்டிலே காலிக் கோட்டையும் கண்டி மாநகரும் இவ்விருப்பத்தை நிறைவேற்றும் இடங்கள். இரண்டும் 1988 ஆம் ஆண்டிலே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றவை. இரண்டிலும் பழைய கட்டடங்கள் விடுதிகளாகி உலகத்தின் நாலாபுறமிருந்தும் வருவோரை வரவேற்கின்றன.

இவ்விருப்பத்திலே குறைகாண வேண்டியதில்லை. ஆயினும் வரலாற்றைக் கற்பிப்போரும் கற்போரும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்நகருக்கு வந்தவர்களுள் யாருக்கு இரவு தங்க இடம் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை? அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மனனஞ் செய்யும் மாணவன் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், கண்டியின் வரலாறு அவனுக்கு வேறொரு முகங்காட்டும்.

கண்டியை மதில் சூழ்ந்த நகரம் என்பது பொருந்துமா? காலிக் கோட்டையைப் போல அதற்குக் கருங்கல் அலங்கம் கிடையாது. காலியை 1640 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கடலை நோக்கியும் தரையை நோக்கியும் கொத்தளங்கள் எழுப்பினர். கண்டியரசர்களுக்கோ மலையே மதில்; காடே அகழி. மாளிகையை அடுத்து, ஏரிக்கரையோரமாக முகில் வடிவிலே வளைந்து செல்லும் சுவரைச் சிங்கள மக்கள் ‘வலாகுளு பம்ம’ என்பர். முகில் மதில் என்று நாம் சொல்லலாம். அது கண்ணுக்கு அழகு தரும் மதில். பகைவரைத் தடுக்கும் மதில் அன்று. உண்மையான காவல் நெடுந்தூரத்துக்கு அப்பால், கணவாய்களிலே இருந்தது. அங்கே முட்கதவுகள் நின்றன, காவலர் நின்றனர்.

இம்முட்கதவுகளைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்லியிருப்பவன் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்தவன் அவன். தப்பியோடி 1681 இல் தன் நூலை வெளியிட்டான். காவலைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அச்சீட்டு காகிதமன்று; களிமண்ணிலே பதித்த முத்திரை. போவோன் போர்வீரனாயின் தோளில் ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். கூலியாளாயின் காவடித்தண்டின் இருபுறமும் பொதி தொங்கச் சுமக்கும் மனிதனின் உருவம். வெள்ளையனாயின் தலையிலே தொப்பியும் இடையிலே வாளும் உடையவனின் உருவம். எழுத்தறியாக் காவலனும் ஒரு நோக்கிலே ஆளை மட்டிட்டுக் கொள்வான். மனிதன் யார் என்பதை அவன் சுமக்கும் பொருளால் அறிந்த சமுதாயம் அது.

நொக்ஸும் அவன் தோழரும் எங்கே தங்கினர்? இரண்டாம் இராசசிங்கன் ஆணைப்படி ஊர்களிலே பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு முறைவைத்துச் சோறளிப்பது ஊராரின் கடமை. அரசன் பிடித்து வைத்தான், குடியானவன் உணவளித்தான். விருந்தோம்பலென்று நாம் பெருமை பேசும் பண்பினுள்ளே கட்டாயச் சேவையும் கலந்திருந்ததை இதனால் உணரலாம்.

ஆயினும் கட்டாயமில்லாத மற்றொரு விருந்தோம்பலும் அந்நாட்டிலே இருந்தது. அதன் பெயர் அம்பலம். நம் தமிழ்ச் சொல்லோடு உறவுடைய இச்சொல்லை வழிப்போக்கர் மடத்துக்குச் சிங்களத்தில் இன்றும் வழங்குகின்றனர். கல்லின்மேல் நிறுத்திய மரத்தூண்கள், நாற்புறமும் திறந்த கொட்டகை, மேலே ஓடோ வைக்கோலோ வேய்ந்த கூரை. இவ்வளவே அதன் அமைப்பு. ஊரார் கூடிக் கட்டுவர். காசு கேட்பாரில்லை, கதவே இல்லையாதலால் அடைப்பாருமில்லை. பொதி சுமப்போன், வணிகன், யாத்திரிகன் அனைவரும் சோறாக்கி உண்டு உறங்கிச் சென்றனர். கடுகண்ணாவையில் பழைய வீதியோரமாக நிற்கும் அம்பலமும், குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டியவில் செதுக்குத் தூண்களோடு நிற்கும் அம்பலமும் அக்காலத்தின் சாட்சிகள்.

மலைமதில் 1815 இலே வீழ்ந்தது. வெள்ளையரின் படைவலி மட்டும் அதனை வீழ்த்தவில்லை. உள்ளே பிரதானிகளுக்கும் மன்னனுக்கும் இடையே மூண்ட பகையும் சேர்ந்தே வீழ்த்திற்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் மதுரை நாயக்கர் வழியினன். கண்டி ஏரியை வெட்டுவித்தவன் அவனே. அதை வெட்டியோர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்திலே மண் சுமந்த குடிமக்கள். அவ்வேலையால் விளைந்த மனக்கசப்பும் அவன் வீழ்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்று. நம் மொழியோடு உறவுடைய அரசன் என்பதற்காக அவன் குற்றங்களை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளையன் சொன்னான் என்பதற்காக அவற்றைப் பெருக்கவும் வேண்டியதில்லை.

தலைநகரை விட்டோடிய மன்னன் கிழக்கு மலைகளை நோக்கி வந்தான். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியிலே, இருபது மைலுக்குச் சற்று அப்பால் உள்ளது நம் ஹுன்னஸ்கிரிய. அதற்கு இப்பால் மெதமகநுவர. ஆபத்துக் காலத்திலே கண்டியரசர் ஒதுங்கும் மலையரண். அதற்கு அணித்தாக உள்ள போமுரே என்னும் சிற்றூரிலே, குடியானவர் வீடொன்றில் ஒளிந்திருந்தபோது, 1815 பெப்ரவரி 18 ஆம் நாள் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அடுத்த ஆண்டு அவனை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு சென்றனர். உண்மையான கல்மதிலும் அகழியும் உடைய அக்கோட்டையிலே 1832 வரை, இறக்கும் நாள்மட்டும், கைதியாகத் தங்கினான். மலையை மதிலாகக் கொண்டு ஆண்டவனுக்குக் கல்மதிலே முடிவிடமாயிற்று.

வென்றவர்கள் செய்த முதற் பெரும்பணி வீதி அமைத்தது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்திலே, 1820 களில், கொழும்பு–கண்டி வீதி உருவாயிற்று. கடுகண்ணாவையிலே பாறையைத் துளைத்து வழி செய்தனர். மலையைத் துளைத்து வழி காண்பவனே இந்நாட்டை வெல்வான் என்றொரு நம்பிக்கை மக்களிடையே இருந்ததாகச் சொல்வர். பாறையைத் துளைத்தவர் கண்டி மக்களே. மன்னன் வாங்கிய அதே இராசகாரியத்தை வெள்ளை அரசும் அவர்களிடம் வாங்கிற்று. அம்முறை கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைக்குப் பின்னரே, 1830 களின் தொடக்கத்தில் ஒழிந்தது. வீதியமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையிலே நினைவுக் கோபுரம் உண்டு. பாறை உடைத்தவர்களுக்கு நினைவுக்கல் இல்லை.

வீதி வந்தது, வீதியைத் தொடர்ந்து கோப்பி வந்தது. 1840 இன் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கிற்று. கண்டிக் குடியானவன் சேனைப்பயிர் செய்த நிலமும் மாடு மேய்த்த நிலமும் தோட்டத் துரைமாருக்கு விலையாயின. 1848 இல் மாத்தளையிலே எழுந்த கிளர்ச்சி புதிய வரிகளுக்கும் இழந்த வாழ்வுக்கும் எதிராக மூண்டது. அதன் தலைவருள் ஒருவனான புரன் அப்பு, அவ்வாண்டு ஆகஸ்ட் 8 ஆம் நாள் கண்டிப் போகம்பரையிலே சுட்டுக் கொல்லப்பட்டான்.

விடுதிகளின் வரலாறும் இக்காலத்திலேயே தொடங்குகிறது. வீதியோரங்களிலே அரசாங்கம் வாடிவீடுகளை அமைத்தது. கடமையிலே செல்லும் உத்தியோகத்தருக்கு அங்கே முதலிடம். புகையிரதம் 1867 இல் கண்டியை அடைந்தது. கோப்பியால் பொருள் குவித்த துரைமார் மலையிலிருந்து இறங்கி வந்து தங்கவும் விருந்துண்ணவும் நகரிலே பெருவிடுதிகள் வேண்டியிருந்தன. தலதா மாளிகைக்கு எதிரே, ஏரியின் முனையிலே வெள்ளை வெளேரென நிற்கும் குவீன்ஸ் ஹோட்டல் அக்காலத்தின் பேறு. துல்லேவே அதிகாரின் வளவு இருந்த இடம் அது. பிரதானியின் மனை போயிற்று; மகாராணியின் பெயர் வந்தது. கண்டியின் அரசியல் மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் நிலத்துண்டு வேறில்லை. காலியிலும் இதே கதைதான். ஒல்லாந்தர் கட்டிய கட்டடம் ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1860 களிலே நியூ ஓரியன்டல் ஹோட்டல் ஆயிற்று. கப்பற் பயணிகள் அங்கே தங்கினர். இன்று வேறு பெயரோடு பெருஞ்செல்வர்க்குரிய விடுதியாக விளங்குகிறது.

இனி, அவ்விடுதிகளுக்குச் செல்வம் விளைத்தவர் எங்கே தங்கினர் என்று பார்ப்போம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்டு, கண்டிச் சீமைக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். பாக்கு நீரிணையைத் தோணியிலே கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். காட்டு வழியே, மெதவாச்சி, தம்புள்ளை ஆகிய இடங்களைக் கடந்து, கால்நடையாகவே வந்தனர். நெடுங்காலம் அவர்களுக்கு வாடிவீடு இல்லை, கொட்டகையும் இல்லை. மரத்தடியே படுக்கை, குளத்து நீரே பானம். வாந்திபேதியும் காய்ச்சலும் அம்மையும் வழிநெடுகக் காத்திருந்தன. நடக்கமாட்டாதவர் வழியிலேயே விடப்பட்டனர். அப்பாதையோரத்து மண்ணிலே ஆயிரமாயிரம் பேர் கிடக்கின்றனர். பிழைத்து வந்தோர் மாத்தளையிலே கூடிப் பல தோட்டங்களுக்கும் பிரிந்தனர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு மலையக மக்கள் நெஞ்சிலே தனியிடம் இருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

தோட்டத்தை அடைந்தவர்க்குக் கிடைத்த தங்குமிடமே லயன். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அறைகள் வரிசையாக, ஒரே கூரையின் கீழ், ஒன்றன் முதுகில் ஒன்றாக. ஓர் அறைக்குள்ளே அடுப்பும் தொட்டிலும் நோயாளியும் புதுமணத் தம்பதியும். அதே மலையின் உச்சியிலே, காற்றும் காட்சியும் நிறைந்த இடத்திலே, துரையின் பங்களா. 1869 இல் கோப்பி இலையிலே பூஞ்சண நோய் தோன்றிப் பின்னர் அப்பயிரையே அழித்தது. லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தொடங்கி வைத்த தேயிலை மலைகளை மூடிற்று. பயிர் மாறிற்று, லயன் மாறவில்லை.

கண்டியரசனின் முட்கதவும் வேறுருவிலே மீண்டது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைச் செலுத்துவோருக்கு இக்கூட்டத்தை விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு அது. நொக்ஸின் காலத்துக் களிமண் முத்திரை ஆளின் தொழிலைக் காட்டிற்று. துண்டோ ஆளின் விலையையே காட்டிற்று. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. ஆனால் சீட்டுக் கேட்பது அதனோடு ஒழியவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1949 இலே வாக்குரிமையும் போயிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்து, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னர் பேசலாமென ஒத்திவைத்தது. பாட்டன் நடந்து வந்த மன்னார்த் திசையிலே, பேரன் தலைமன்னார்ப் புகையிரதம் ஏறித் திரும்பினான். நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறிற்று. நூற்றைம்பதாண்டுக்கு மேல் இந்நாட்டிலே தங்கியவர்களை விருந்தாளியாகவும் ஏற்காமல் வீட்டுக்காரனாகவும் ஏற்காமல் வைத்திருந்த வரலாறு இது.

இன்று பழமை நல்ல விலைக்குப் போகிறது. துரைமார் பங்களாக்கள் பல விடுதிகளாகிவிட்டன. கந்தப்பொளையிலே ஹெதர்செற் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையே 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடிய மாடியிலே பயணிகள் உறங்குகின்றனர். இதனை எதிர்ப்போரும் உளர், போற்றுவோரும் உளர். பயன்படாத கட்டடம் இடிந்து போகும் என்பதும், விடுதியாக்கியதாலேயே பல பழங்கட்டடங்கள் பிழைத்தன என்பதும் மறுக்கவியலாதவை. தோட்டத்து இளைஞர் சிலர்க்கு அங்கே வேலை கிடைப்பதும் நன்மையே. மறுபுறம், காலிக் கோட்டையுள் வீட்டு விலையேற்றத்தால் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல வீடுகளை விற்று வெளியேறியதும் உண்மை. மதில் காக்கப்பட்டது, மதிலுள் வாழ்ந்தோர் வெளியே போயினர்.

கட்டடத்தைக் காப்பதா இடிப்பதா என்பது இங்கே கேள்வியன்று. காக்கப்படும் கட்டடம் யார் கதையைச் சொல்கிறது என்பதே கேள்வி. பெருவிடுதிகள் தங்கிச் சென்ற பிரபுக்களை நினைவுகூர்கின்றன. கல் சுமந்தவனும் நீர் இறைத்தவளும் எவ்வூரார் என்று கூறும் பலகை எங்கேனும் உண்டா? எசல பெரஹரா நாட்களிலே இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரியும். விடுதி விறாந்தைகளிலே ஆசனங்கள் விலைக்கு விற்கப்படுகின்றன. கீழே நடைபாதையிலே, காலை முதலே பாய் விரித்து இடம்பிடித்த கிராமத்து மக்கள் வெயிலையும் மழையையும் பொறுத்துக் காத்திருக்கின்றனர். அவர்கள் முன்னோர் ஊழியஞ் செய்து வளர்த்த விழா அது.

உழைத்தோரை நினைவிற் கொள்வது இயலாத காரியமன்று. கண்டி நாயக்க மன்னரின் பூர்வீகமான மதுரையையே பாருங்கள். 1840 களிலே கலெக்டர் பிளாக்பேர்ன் அந்நகரின் கோட்டைமதிலை இடிப்பித்தபோது உருவான தெருக்களுள் ஒன்று, வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரை இன்றும் தாங்குகிறது. கூடையெடுத்தவர் பெயர் அங்கேயும் இல்லை. எனினும் மேஸ்திரி வரையேனும் நினைவு இறங்கி வந்திருக்கிறது. நம் மலையகத்திலோ கம்பளைக்கு அருகே, பழைய லயன் அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007 இல் திறந்தனர். தொழிலாளி பயன்படுத்திய பாத்திரமும் கருவியும் ஆவணமும் அங்கே பொருளாகக் காட்சிக்கு உள்ளன. துரையின் பங்களாவைக் காப்பது போலவே லயனையும் காக்கலாம் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்திருக்கிறது. காப்பது வேறு, இன்னும் மக்களை அதற்குள்ளேயே வைத்திருப்பது வேறு. முதலாவதைச் செய்வோர் இரண்டாவதை முடிவுக்குக் கொண்டுவரவும் குரல் கொடுக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்டிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது தலதா மாளிகையோடும் பேராதனைப் பூந்தோட்டத்தோடும் திரும்பிவிடாதீர்கள். கடுகண்ணாவை அம்பலத்தில் பிள்ளைகளைச் சற்றே உட்காரச் சொல்லுங்கள். குவீன்ஸ் ஹோட்டலின் எதிரே நிறுத்தி, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். போமுரேயிலே மன்னன் பிடிபட்ட இடத்தைக் காட்டுங்கள். தெல்தெனியவைக் கடக்கையில், 1985 இல் நிறைவுற்ற விக்டோரியா நீர்த்தேக்கத்தினடியிலே பழைய பட்டினம் மூழ்கிக் கிடப்பதைச் சொல்லுங்கள். நீர் வற்றும் காலத்தில் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். தோட்டத்துப் பிள்ளையும் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் சேர்ந்து இவற்றைக் காண முடிந்தால் மிக நன்று. நிலத்தை இழந்த குடியானவனும் நிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட கூலியும் ஒரே கொள்ளையின் இரு முனைகளிலே நின்றவர்கள் என்பதை அவர்கள் பாடநூலின் உதவியின்றியே உணர்ந்துகொள்வர்.

கண்டியின் நடுவே இன்னொரு பழங்கட்டடம் தன் முறைக்குக் காத்திருக்கிறது. புரன் அப்பு கொல்லப்பட்ட போகம்பரையிலே 1876 இல் வெள்ளையர் எழுப்பிய சிறைச்சாலை அது. 2014 இல் கைதிகள் அகற்றப்பட்டுச் சிறை மூடப்பட்டது. அதனைச் சுற்றுலாப் பயணிகளுக்கான வளாகமாக்கும் திட்டங்கள் பலமுறை பேசப்பட்டுள்ளன. நாளை அங்கே விளக்குகள் ஒளிரலாம், மெத்தைகள் விரிக்கப்படலாம். அவ்வாறாயின் அச்சுவர்களுக்குள்ளே விலைகொடாமல் தங்கியவர்களின் பெயர்களையும், அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றங்களையும், அவர்களுக்கு நேர்ந்த முடிவையும் வாசலிலேயே எழுதி வைக்கும்படி கேட்க வேண்டியவர்கள் நாம். அப்பெயர்களுள் சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் அருகருகே இருக்கும்.